குட்டி யானைக்கு சிந்தெடிக் ஆயில்: 20,000 கிலோமீட்டர் தாங்கும் என்கிறார்கள், நம்பலாமா?

மாவுவண்டி, விஜினாபுரா

எல்லாருக்கும் வணக்கம். கே.ஆர்.புரம் பக்கத்தில் விஜினாபுராவில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர். பெங்களூர் வந்து 16 வருஷம் ஆகிறது. என்னிடம் மூன்று வண்டி இருக்கிறது. தொழிலுக்கு 2018 மாடல் டாடா ஏஸ், குட்டி யானை என்பார்களே அதுதான், டீசல், பிஎஸ்4 புகைத் தரம். ஊருக்குப் போய்வர ஒரு பழைய வேகன் ஆர், பெட்ரோல். வசூலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஸ்ப்ளெண்டர்.

ஏஸ் காலை 4 மணிக்குக் கிளம்பும். ராமமூர்த்தி நகர், பானஸ்வாடி, கம்மனஹள்ளி, அப்படியே மாரத்தஹள்ளி சுற்றிக்கொண்டு 11 மணிக்குத் திரும்பும். மொத்தம் 60 கடை. ஒரு கடையில் சராசரியாக மூன்று நிமிஷம் நிற்கும். டிரே இறக்கி, விற்காத பாக்கெட்டை எண்ணி எடுத்து, கையெழுத்து வாங்க அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. இன்ஜினை நிறுத்துவதில்லை. இவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர்தான்.

இதுவரை 15டபிள்யூ-40 தடிமனில் மினரல், அதாவது சாதாரண ஆயில் ஊற்றி, 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றி வந்தேன். போன வாரம் ஆயில் வாங்கும் கடையில், "ஃபுல் சிந்தெடிக் போடுங்க, 20,000 வரைக்கும் தொடவே வேண்டாம், கணக்குப் பார்த்தா உங்களுக்குத்தான் லாபம்" என்றார்கள். மினரல் லிட்டர் 360 ரூபாய்க்கு வாங்குகிறேன். அவர் காட்டிய கேன் லிட்டருக்கு 780 விழுகிறது. நாலு முறை மாற்றுவதற்கு ஒரு முறை என்றால் காகிதத்தில் அவர் சொல்வது சரியாகத்தான் வருகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. எங்களுக்குச் சோறு போடுவது இந்த வண்டிதான். இது ஒரு நாள் ஷெட்டில் நின்றால் அன்றைக்கு அரைத்த 400 கிலோ மாவும் புளித்துப் போய்விடும்.

இன்னொரு விஷயம். இரண்டு மாதத்துக்கு முன் வேகன் ஆருக்கு ஆயில் மாற்றியபோது கேனில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைய மிச்சம் இருந்தது. ஷெட்டில் இருந்தவர், "நல்ல சிந்தெடிக், வீணாக்க வேண்டாம்" என்று அதை ஸ்ப்ளெண்டரில் ஊற்றிவிட்டார். பத்தே நாளில் பிக்கப் போய்விட்டது. ஹெப்பால் மேம்பாலத்தில் முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. இது சிந்தெடிக்கால் வந்த கோளாறா? அப்படியென்றால் ஏஸில் ஊற்றவும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏர்போர்ட் ஓட்டம், எலக்ட்ரானிக் சிட்டி

அண்ணா, நான் கேப் ஓட்டுகிறேன், சிஎன்ஜி வண்டி. நாலு வருஷமாக ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 தவிர வேறு எதுவும் ஊற்றியதில்லை. இங்கிருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட் ஒரு நடைக்கு 55 கிலோமீட்டர் வரும், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 10,000க்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுகிறேன். 1,80,000 ஓடிவிட்டது, இன்ஜினைப் பிரித்ததே இல்லை. இறக்கும்போது பார்த்தால் ஆயில் இன்னும் தேன் நிறத்தில்தான் இருக்கும்.

தைரியமாகப் போடுங்கள். 20,000 கொஞ்சம் அதிகம்தான், 15,000ல் மாற்றிவிடுங்கள். பைக் விஷயம் எனக்குத் தெரியாது.

கலாசிப்பாளையம் டீசல் ஷெட்

மாவு வண்டித் தம்பி, அந்தக் கேனை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கலாசிப்பாளையத்தில் 31 வருஷமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். குட்டி யானை 2005ல் வந்த நாளிலிருந்து அதன் இன்ஜினைக் கையில் தொட்டவன்.

முதலில் ஸ்ப்ளெண்டர். அதன் கோளாறுக்கு சிந்தெடிக் காரணம் இல்லை. கார் ஆயிலை ஊற்றியதுதான் காரணம். பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கிறது. அதனால் கார் ஆயிலில், முக்கியமாக மைலேஜ் தரும் மெல்லிய ஆயிலில், உரசலைக் குறைக்கும் சரக்கைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். அது இன்ஜினுக்கு நல்லது. ஆனால் பைக் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிப்பதே அந்த உரசலால்தானே? அது போனால் தட்டு வழுக்கும், நீங்கள் சொன்ன மாதிரி சத்தம் மட்டும் ஏறும். பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று ஒரு தரக்குறி இருக்கும். அந்த எழுத்து இருந்தால் சிந்தெடிக் என்ன, மினரல் என்ன, எதையும் ஊற்றலாம். இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் பைக்குக்கு ஆகாது. இப்போது இருப்பதை இறக்கிவிட்டு எம்ஏ ஆயில் ஊற்றுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டி அதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அப்படியும் வழுக்கினால் தட்டு மாற்ற வேண்டியதுதான்.

இனி ஏஸ். ஏர்போர்ட் ஓட்டம் தம்பி தன் வண்டிக்குச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அது சிஎன்ஜி, உங்களுடையது டீசல். கேஸ் எரியும்போது கரி விழாது, அதனால்தான் அவர் ஆயில் தேன் மாதிரி தெரிகிறது. நிறம் மாறவில்லை என்பதற்காக அந்த ஆயிலுக்கு வயசாகவில்லை என்று நினைக்கக் கூடாது. சூட்டில் அதுவும் கெடும். அவர் 10,000ல் மாற்றுவதை நீட்டாமல் இருக்கட்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர். டீசலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்காமல், பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் தெளித்து எரிக்கும் பழைய முறை. இந்த வகை இன்ஜின் ஆயிலில் கரியை நிறைய இறக்கும். ஆயில் மாற்றிய மறுநாளே ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதான் டிப்ஸ்டிக்கை, உருவிப் பாருங்கள், மை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், கரியைக் கட்டியாக விடாமல் தனக்குள்ளேயே மிதக்க வைப்பதுதான் ஆயிலின் வேலை. அதற்கான மருந்து ஆயிலில் ஓர் அளவுக்குத்தான் இருக்கிறது. அது தீர்ந்ததும் கரி ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியத் தொடங்கும். சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது, அதெல்லாம் உண்மை. ஆனால் அதை ஊற்றுவதால் உங்கள் இன்ஜினில் விழும் கரி ஒரு சிட்டிகை கூடக் குறையாது. கடைக்காரர் கணக்கில் விட்டுப்போனது இதுதான்.

அப்புறம் கிலோமீட்டர். அபார்ட்மெண்டில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்களே, அதற்கு எப்போது ஆயில் மாற்றுகிறார்கள்? அது நின்ற இடத்திலேயே ஓடுகிறது, கிலோமீட்டர் ஏது? மணிக்கணக்குப் பார்த்துத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் 250 மணியிலிருந்து 500 மணிக்குள். உங்கள் வண்டி 7 மணி நேரம் இன்ஜின் ஓடி 70 கிலோமீட்டர் போகிறது. மணிக்குப் பத்து. அப்படியென்றால் நீங்கள் இப்போது மாற்றும் 5,000 கிலோமீட்டரே 500 மணி. கடைக்காரர் சொன்ன 20,000 கிலோமீட்டர் 2,000 மணி. ஏர்போர்ட் தம்பியின் வண்டி மணிக்கு 35 வைத்தாலும் 10,000 கிலோமீட்டரை 285 மணியில் முடித்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே மீட்டர் எப்படிப் பொருந்தும்?

போன வருஷம் ஒரு குட்டி யானை வந்தது. வாழை இலை சப்ளை, உங்களை மாதிரியே நின்று நின்று போகிற ஓட்டம். சிந்தெடிக் போட்டோம் என்ற நம்பிக்கையில் 18,000 வரை விட்டுவிட்டார்கள். ஆயில் லைட் விட்டு விட்டு எரிகிறது என்று கொண்டு வந்தார்கள். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றினேன். நல்லெண்ணெய் ஜாடியின் அடியில் தங்கும் கசடு பார்த்திருப்பீர்கள், அதைக் கரியில் குழைத்த மாதிரி உள்ளே அப்பிக்கிடந்தது. ஸ்பூனால் வழித்தோம். அடியில் ஆயில் தங்கும் சம்ப் தொட்டியை இறக்கினால் ஆயிலை உறிஞ்சும் வலை முக்கால்வாசி அடைத்திருந்தது. கிராங்க் பேரிங்கில் மேல் வெள்ளைப் பூச்சு போய் செம்பு தெரிந்தது. நல்ல ஆயில்தான் ஊற்றியிருந்தார்கள். அதன் நேரம் முடிந்த பிறகும் ஓட்டியதுதான் தப்பு. அந்த மனிதர் பதினோரு நாள் வாடகை வண்டியில் இலை போட்டார்.

ஆகவே என் யோசனை இது. 15டபிள்யூ-40லேயே இருங்கள். பெங்களூர் குளிர் மார்கழியில் கூட 14, 15 டிகிரிதான். 15டபிள்யூ என்ற தரமே மைனஸ் 20 டிகிரியில் இன்ஜின் சுற்றுமா என்று பார்த்துக் கொடுப்பது, 5டபிள்யூ மைனஸ் 30ல். காலை 4 மணிக்கு விஜினாபுராவில் அந்த வித்தியாசத்துக்காக நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. டப்பாவில் ஏபிஐ சிஐ-4 பிளஸ் என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். டீசலுக்கு வரும் எழுத்து சி, பெட்ரோலுக்கு எஸ். சிஐ-4 என்பது 2002ல் வந்த தரம், அதில் பிளஸ் 2004ல் வந்தது, கரியை மிதக்க வைக்கும் சக்தியைக் கூட்டுவதற்காகவே. உங்களுக்கு வேண்டியது அதுதான். முன்பக்கம் சிந்தெடிக் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், டப்பாவைத் திருப்பி இந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

மூன்று நிமிஷம் நிற்கும் கடைகளில் இன்ஜினை நிறுத்துங்கள். 60 கடைக்கு மூன்று நிமிஷம் என்றால் மூன்று மணி நேரம், ஒரு நாளைக்கு. அதை நிறுத்திவிட்டால் உங்கள் 5,000 கிலோமீட்டரும் 285 மணிக்கு வந்துவிடும், கேப் தம்பியின் கணக்கேதான்.

மாவுவண்டி, விஜினாபுரா

அண்ணா, ரொம்ப நன்றி. 2,000 மணி என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் கூட இப்படிக் கணக்குப் போட்டதில்லை.

இரண்டு சந்தேகம். 60 முறை ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் தாங்குமா? வேகன் ஆருக்கு என்ன செய்வது? மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வருவேன், மற்றபடி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. வருஷத்துக்கு 5,000 தாண்டாது. அதில் சிந்தெடிக்தான் இருக்கிறது. பழைய வண்டியில் சிந்தெடிக் போட்டால் சீல் கசியும், ஒரு முறை போட்டால் திரும்ப மினரலுக்கு வர முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஸ்கூட்டர் அம்மா, பையப்பனஹள்ளி

நடுவில் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஐயா. என்னிடம் ஸ்கூட்டர். வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் திரும்ப இரண்டு. அவ்வளவுதான். ஆயில் குச்சியை உருவினால் மூடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. சர்வீஸில், "சிந்தெடிக் போட்டிருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை போதும்" என்றார்கள். டப்பாவில் எம்ஏ இல்லை, எம்பி என்று இருந்தது. எம்ஏ இல்லாவிட்டால் ஆகாது என்று படித்ததும் பயந்துவிட்டேன்.

கலாசிப்பாளையம் டீசல் ஷெட்

அம்மா, பயப்படாதீர்கள். ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலில் இல்லை, பெல்ட் பக்கம் காய்ந்த இடத்தில் இருக்கிறது. எம்பி என்பதே ஸ்கூட்டருக்கானது, சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த மோர்தான் கவனிக்க வேண்டியது. எரியும் பெட்ரோலிலிருந்து நீராவி வரும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் இன்ஜின் வெதுவெதுப்பாவதற்குள் நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள். தண்ணீர் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்து வெண்மையாகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். சிந்தெடிக் இதைத் தடுக்காது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை சாலை காலியாக இருக்கும்போது, நிற்காமல் 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயிலை வருஷத்துக்கு விடாமல் ஆறு மாதத்தில் மாற்றுங்கள்.

மாவு வண்டித் தம்பிக்கு: சிக்னலில் அரை நிமிஷம் நிற்பதற்கெல்லாம் அணைக்க வேண்டாம். இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கும் கடை எதெது என்று உங்களுக்கே தெரியும், அங்கே மட்டும் அணையுங்கள். பாதிக் கடையில் செய்தாலே பெரிய லாபம். பேட்டரி டெர்மினலைச் சுத்தமாக வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் பாருங்கள்.

வேகன் ஆரில் சிந்தெடிக் இருக்கட்டும், கண்டிப்பாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறைதான் மாற்றப் போகிறீர்கள், ஆயிரம் ரூபாய் சொச்சம் கூடுதல், அவ்வளவுதான். மாதா மாதம் கிருஷ்ணகிரி சாலையில் நன்றாகச் சூடாகி ஓடுவதால் அம்மாவின் ஸ்கூட்டருக்கு வந்த தொல்லை அதற்கு வராது. சர்வீஸ் புக்கில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது 1970களில் வந்த முதல் சிந்தெடிக் ஆயில்களுக்குப் பொருந்தும், அப்போது ரப்பர் சீல் சுருங்கிக் கசிந்தது உண்டு. இப்போதைய ஆயில் அப்படி இல்லை. ஏற்கெனவே காய்ந்து வெடித்த சீல் என்றால் எதை ஊற்றினாலும் கசியும். திரும்ப மினரலுக்கு வரலாம், அவசரத்துக்கு இரண்டையும் கலந்தும் ஊற்றலாம், பால் திரிவது மாதிரி ஒன்றும் ஆகாது. இன்னும் சொல்லப்போனால் இன்றைக்கு சிந்தெடிக் என்று விற்பதில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்தே வருவதுதான், ஹைட்ரஜன் கொடுத்து மிக நன்றாகச் சுத்திகரித்தது. அதை சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் வழக்காகி, 1999ல் அங்கே விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு சொல்லலாம் என்று முடிவு கொடுத்தது. அதனால் அந்தச் சொல்லை வைத்து பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலி கேனை அப்படியே பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள். முழுசாக இருக்கும் கேனுக்கு அவர்கள் தனிக் காசு தருவது ஏன் என்று யோசியுங்கள். எதையோ ஊற்றி மூடி மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். நான் ஒவ்வொரு கேனிலும் ஆணியால் இரண்டு ஓட்டை போட்ட பிறகுதான் வெளியே விடுவேன். புதுசு வாங்கும்போது மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, உள்ளே ஃபாயில் ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

டீசல் ஆயில் எப்போது தீர்ந்தது என்று நிறத்தில் தெரியாது என்றேன் அல்லவா? ஒரு வழி இருக்கிறது. வண்டி சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டு, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். கறுப்பு நடுவிலிருந்து ஓரம் வரை சீராகப் பரவி இருந்தால் ஆயில் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் திட்டாக நின்று சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் மட்டும் தெரிந்தால் உடனே இறக்குங்கள்.

ஏர்போர்ட் ஓட்டம், எலக்ட்ரானிக் சிட்டி

அண்ணா, நான் 15,000 என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். என் வண்டி ஓட்டத்தை வைத்து மாவு வண்டிக்குச் சொல்லிவிட்டேன். கேனில் ஓட்டை போடும் விஷயத்தை இன்றைக்கே எங்கள் ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

மாவுவண்டி, விஜினாபுரா

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஸ்ப்ளெண்டருக்கு எம்ஏ ஆயில் இரண்டு முறை மாற்றியும் மேம்பாலத்தில் கொஞ்சம் வழுக்கல் இருந்தது. கிளட்ச் தட்டு மாற்றினேன், இப்போது சரி. ஜேசி ரோட்டில் தட்டு வாங்கும்போது கடைப் பையன் ஆயில் டப்பாவை நீட்டினான். திருப்பிப் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

ஏஸில், அண்ணா சொன்ன அன்றைக்கே இருந்த ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து, என் பெண்ணின் பழைய மை ஒற்றும் தாளில் விட்டு பூஜை அலமாரியின் மேல் வைத்தேன். அப்போது மாற்றி 4,600 ஆகியிருந்தது. காலையில் பார்த்தால் நடுவில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்புத் திட்டு, ஓரம் வெட்டி வைத்த மாதிரி. சுற்றிலும் மஞ்சள் வளையம். அன்றைக்கே இறக்கிவிட்டேன். இதை 20,000 வரை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

சிஐ-4 பிளஸ் 15டபிள்யூ-40, மினரல்தான் ஊற்றினேன், ஃபில்டரும் புதுசு. டிரைவர் பையன் முதல் வாரம் முணுமுணுத்தான். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து 60 கடையில் 34 கடையைக் குறித்தோம், அங்கே மட்டும் அணைப்பது என்று. டீசலே மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது, அதில் 300 ரூபாய் பையனுக்குக் கொடுக்கிறேன். கம்மனஹள்ளிக் கடைக்கார அம்மா, "இப்பதான்பா உன் வண்டி வந்தா நிம்மதியா பேச முடியுது" என்றார்.

போன ஞாயிறு மறுபடி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், 4,700ல். சாம்பல் நிறமாக ஓரம் வரைக்கும் ஒரே சீராகப் பரவியிருந்தது. இரண்டு தாளையும் தேதி எழுதி சர்வீஸ் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆயில் இன்னும் நன்றாக இருந்தாலும் 5,000ல் மாற்றத்தான் போகிறேன் அண்ணா. பழைய ஆயிலை சாக்கடையில் விடாமல் எங்கே கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள், இரண்டு கேன் சேர்ந்துவிட்டது.

கலாசிப்பாளையம் டீசல் ஷெட்

என் ஷெட்டுக்கே கொண்டு வாருங்கள் தம்பி. பழைய ஆயில் எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர் மாதம் ஒரு முறை டிரம்மோடு வருவார், என் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். மழைநீர் போகும் ராஜகால்வாயில் விட்டால் அது நேராக ஏரிக்குத்தான் போய்ச் சேரும். அந்த இரண்டு தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், ஷெட்டுக்கு வரும் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.